கார்டு லொட்டும் ஏழு வெற்றுக் கட்டங்களும்

இணைய ஏலத்தில் சேகரிப்பாளர்களுக்கு விற்கும் கார்டுகளைப் படம் எடுக்கும் நாளில் என் முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில். விசிறி இல்லாமல் பத்து நிமிடம் இருந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் விசிறி சுழன்றால் மேசையில் பரப்பிய கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த படக் கார்டுகள் என்றால் நிலத்துக்கே பறந்துவிடும். அதனால் விசிறியை நிறுத்தி, தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை எண்பது வருடப் பழைய தாளில் விழுந்தால் அந்தக் கறையை யாராலும் எடுக்க முடியாது.

போன ஜூன் மாதம் அப்படித் திறந்தது மாமியின் பிஸ்கட் டின்.

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. மகளோடு இருக்க மெல்பேர்ணுக்குப் போகிறார். வீட்டை ஒதுக்கும்போது அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து இந்த டின் வந்தது. உள்ளே ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டு. அவருடைய அப்பா கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் சேர்த்தவை. மாமியின் தாத்தா துறைமுகத்தில் கிளாக்கர். கப்பலில் வந்தவர்களிடமும் மாலுமிகளிடமும் சிகரெட் பெட்டிக்குள் இருந்த கார்டுகளைக் கேட்டு வாங்கி மகனுக்குக் கொண்டுவருவாராம். பிளேயர்ஸ் என்ற இங்கிலாந்துச் சிகரெட் நிறுவனம் 1938இல் வெளியிட்ட கிரிக்கெட் வீரர்கள் தொடர், மொத்தம் 50 கார்டுகள். அந்த வருடம் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போயிருந்தது. ஆஸ்திரேலியத் தலைவர் பிரட்மனும் இருக்கிறார், இங்கிலாந்துத் தலைவர் ஹமண்டும் இருக்கிறார்.

பத்து வருடம் கழித்து, 1948 மார்ச்சில், அதே பிரட்மன் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஓவல் மைதானத்தில் ஒரு நாள் ஆடினார். தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. இன்று பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரில் நிற்கிறது. அந்த ஆட்டத்தின்போது ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதிலாக 20 கெஜம்தான் இருந்தது என்று பிறகு தெரியவந்தது. மாமியின் அப்பா அந்த ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார். கார்டு பையில் இருந்ததாம். கையெழுத்து வாங்கக் கிட்டப் போக முடியவில்லையாம்.

"தம்பி, உதை ஆரும் விருப்பமான ஆக்களுக்குக் குடுத்துவிடு. காசு பெரிசில்லை. ஆனா குப்பைக்குள்ள போகக் கூடாது" என்றார் மாமி.

விருப்பமான ஆட்கள் லீட்ஸிலோ அடிலெய்டிலோ இருப்பார்கள். அவர்கள் இந்த டின்னைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. அவர்களிடம் போய்ச் சேரப்போவது நான் எடுக்கும் படங்கள் மட்டும்தான். ஒரு லொட்டை, அதாவது ஒன்றாக விற்கும் கார்டுக் கட்டை, படம் எடுப்பவர் மனதில் வைக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான் என்று நான் நம்புகிறேன்: வாங்குகிறவர் கட்டைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டியிருந்தால் என்னென்ன தெரிந்திருக்குமோ, அது முழுவதும் படத்தில் தெரிய வேண்டும். நல்லதும் தெரிய வேண்டும், பழுதும் தெரிய வேண்டும், அங்கே இல்லாததும் தெரிய வேண்டும்.

இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். நான்கு வருடத்துக்கு முன் முதன்முதலாக ஏலத்தில் போட்டது ஒரு போக்கிமோன் லொட், பிள்ளைகள் சேர்க்கும் ஜப்பானியக் கார்ட்டூன் கார்டுகள். கனடாவுக்குப் போன சித்தப்பா மகன் விட்டுப்போன 180 கார்டுகள். இரவு எட்டு மணிக்கு, ரியூப் லைட் வெளிச்சத்தில், பூப்போட்ட கட்டில் விரிப்பின் மேல் சீட்டு விளையாடுகிறவர்கள் பிடிப்பதுபோல விரித்து வைத்து, போன் பிளாஷைப் போட்டு நாலு படம் எடுத்தேன். மினுங்குகிற கார்டுகளை மேலே வைத்தேன். பின்புறத்தை எடுக்கவே இல்லை. வாங்கியவர் பார்சலைத் திறந்த அன்றே எழுதினார்: பாதிக் கார்டுகளின் பின்புற ஓரம் வெளுத்திருக்கிறது, ஒரே கார்டு ஆறேழு தடவை வருகிறது, படத்தில் இது எதுவும் தெரியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். தபால் செலவும் என்னுடையது. பணம் போனதைவிட, வேண்டுமென்றே மறைத்தேன் என்று முகம் தெரியாத ஒரு மனிதர் நினைத்ததுதான் எனக்கு நெடுநாள் உறுத்தியது. மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் படங்கள் மறைத்துவிட்டன.

ஏன் மறைத்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் இந்த வேலை எனக்குப் பிடிபடத் தொடங்கியது.

முதலில் வெளிச்சம். பிளாஷ் கமராவுக்குப் பக்கத்திலிருந்தே அடிக்கிறது. பளபளப்பான கார்டில் பட்ட வெளிச்சம் நேரே கமராவுக்குத் திரும்பி வந்து நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டை வைக்கும். பொட்டு விழுந்த இடத்தில் கீறல் இருந்தாலும் தெரியாது, படம் இருந்தாலும் தெரியாது. மேலே தொங்கும் ரியூப் லைட்டும் அப்படித்தான், பொட்டுக்குப் பதிலாக நீளக் கோடு. வெளிச்சம் பக்கத்திலிருந்து சரிவாக, மென்மையாக வர வேண்டும். எங்கள் யன்னல் மேற்கே ரயில் பாதையையும் கடலையும் பார்த்தது. காலையில் நேர் வெயில் உள்ளே வராது, வானத்தின் வெளிச்சம் மட்டும் வரும். எட்டரையிலிருந்து பதினொன்று வரை எனக்கு அதுதான் ஸ்டூடியோ. தென்மேல் பருவக்காற்று மாதங்கள் இன்னும் நல்லது. வானம் முழுக்க முகில் மூடியிருக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கமும் கூர்மையில்லாமல் பரவி வரும். மழை நாள் படம் எடுக்கக் கூடாத நாள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கார்டுகளைப் பொறுத்தவரை மழைக்கு முந்திய ஒரு மணித்தியாலம்போல வேறு வெளிச்சம் இல்லை.

யன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை ரிஜிபோம் பலகையை நிமிர்த்தி வைக்கிறேன். தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்தது. யன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தை நிரப்பும். அறை விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். யன்னல் வெளிச்சமும் ரியூப் வெளிச்சமும் கலந்தால் கார்டின் ஒரு பக்கம் நீலம் தட்டும், மறுபக்கம் பச்சை தட்டும். பழைய தாளின் நிறம் வாங்குகிறவருக்கு மிக முக்கியம். அது பாலாடை நிறமா, தேநீர் நிறமா என்பதில் விலை நிற்கிறது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் புதிய வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றை வைக்கிறேன். அது வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் நம்பலாம்.

இரவில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்களுக்கு: ஒரே வகை எல்.ஈ.டி. பல்ப் இரண்டு வாங்குங்கள். கார்டுகளுக்கு இரண்டு பக்கமும் 45 பாகைச் சரிவில் வைத்து, முன்னால் டிரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள். ஒரு பல்ப் மஞ்சள், ஒன்று வெள்ளை என்று மட்டும் இருக்கக் கூடாது.

அடுத்தது நேராக எடுப்பது. இதைப் பலர் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய விஷயம். போனைக் கையில் பிடித்துக் கொஞ்சம் சாய்த்து எடுத்தால் நீள்சதுரமான கார்டு ஒரு பக்கம் ஒடுங்கித் தெரியும். கார்டு வாங்குகிறவர்கள் ஓரங்களை அளக்கிறவர்கள். 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் கார்டுகளுக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகின்றன. மூலை, விளிம்பு, மேற்பரப்பு ஆகியவற்றோடு, படம் கார்டின் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். இடது ஓரமும் வலது ஓரமும் 55க்கு 45 என்ற அளவைத் தாண்டினால் 10 கிடைப்பது கடினம். சாய்வாக எடுத்த படத்தில் நல்ல கார்டும் கோணலாகத் தெரியும், கோணல் கார்டும் நேராகத் தெரியும். இரண்டுமே பிழையான தகவல்.

சரி, போன் நேராக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சின்னக் கைக்கண்ணாடி போதும். மேசையில் கார்டுகள் இருக்கப்போகும் இடத்தின் நடுவில் கண்ணாடியைப் படுக்க வைத்து, மேலே போனைப் பொருத்தித் திரையைப் பாருங்கள். கண்ணாடிக்குள் போனின் கமராக் கண் தெரியும். அது திரையின் சரி நடுவில் வரும்வரை போனை நகர்த்துங்கள், சாயுங்கள், அடியில் கடதாசி மடித்து வையுங்கள். கமரா தன்னையே நடுவில் பார்க்கிறது என்றால் அது மேசைக்கு நேர் மேலே, மேசைக்குச் சமாந்தரமாக நிற்கிறது என்று அர்த்தம். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கார்டுகளை வைக்கலாம். முதன்முதலில் இதைச் செய்த நாளில், கறுப்புப் புள்ளி ஒன்று மெல்ல மெல்ல நகர்ந்து திரையின் நடுவில் வந்து நின்றபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இன்றும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

போனை நிறுத்த என்னிடம் இருப்பது ஒரு பலகை. தச்சரிடம் கொடுத்து நடுவில் ஓட்டை போடுவித்தது. மேசையில் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே பலகையை வைத்து, போனை அதன்மேல் படுக்க வைத்தால் கமராக் கண் ஓட்டையால் கீழே பார்க்கும். முழு லொட்டையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும் என்றால் கார்டுகளை நிலத்தில் பரப்பி, இரண்டு கதிரைகளின் முதுகுக்கு மேல் பலகையை வைக்கிறேன். மிகக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் ஓரத்துக் கார்டுகள் வெளிப்பக்கமாக இழுபட்டுத் தெரியும். உயரத்தில் வைத்து இரண்டு மடங்கு ஸூமில் எடுத்தால் அந்த இழுப்புக் குறையும். பொத்தானை விரலால் அமுக்கினால் பலகை அசையும், ஆகவே மூன்று விநாடி டைமர். அப்புறம் எங்கள் வீட்டுக்கென்று ஒரு விதி உண்டு: கரையோர ரயில் போய் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ரயில் போகும்போது மேசை நடுங்குவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் எழுத்துகள் இரட்டித்துத் தெரியும். கமராக் கண்ணைத் துடைப்பதையும் மறக்கக் கூடாது. கடல் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, யன்னல் கண்ணாடியில் படிகிற அதே உப்பு போனிலும் படிகிறது.

கீழே விரிக்கும் நிறம். காலி வீதிப் புத்தகக் கடையில் வாங்கிய சாம்பல் நிற பிரிஸ்டல் போட் ஒன்றைத்தான் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். வெள்ளையில் வைத்தால் பழைய கார்டின் வெளிறிய ஓரம் பின்னணியோடு கலந்து, மூலை மழுங்கியிருப்பது தெரியாமல் போகும். கறுப்பில் வைத்தால் போன் இருட்டு என்று நினைத்துத் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, கார்டின் நிறத்தை வெளுக்க வைத்துவிடும். சாம்பல் இரண்டுக்கும் நடுவில். பட்டுச் சேலை, சிவப்பு வெல்வெட் இவற்றில் வைத்து எடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். அழகாக இருக்கும், ஆனால் அந்தச் சிவப்பு கார்டின் ஓரத்தில் ஏறிவிடும். வெல்வெட்டின் நார் மூலையில் ஒட்டினால் பார்ப்பவருக்கு அது கிழிசல்போலத் தெரியும்.

போக்கிமோன் போன்ற இக்காலக் கார்டுகளுக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று மினுக்கம். ஹோலோ கார்டை, அதாவது மினுங்கும் படலம் ஒட்டிய கார்டை, சமமான வெளிச்சத்தில் எடுத்தால் மினுக்கமே தெரியாது, சாதாரணக் கார்டுபோலக் கிடக்கும். அதனால் அவற்றுக்கு இரண்டு படம். சமமான வெளிச்சத்தில் ஒன்று. பிறகு கார்டையோ கமராவையோ அசைக்காமல், ஒரு டோர்ச்சை மேசை மட்டத்துக்குப் பதித்துப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்து இன்னொன்று. அந்த இரண்டாவது படத்தில் மினுக்கமும் வரும், அதோடு மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு கீறலும் தலைமயிர்போல வெள்ளையாக எழும்பும். விற்கிறவருக்கு அந்தப் படத்தைப் போட மனம் வராது. நான் போடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு வாங்கியவர் யாரும் இதுவரை என்னிடம் முறைப்பட்டதில்லை.

இரண்டாவது வளைவு. கொழும்பின் ஈரக் காற்றில் ஹோலோ கார்டு நேராக நிற்காது. தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், அதோடு ஒட்டிய மினுங்கும் படலம் விரியாது, ஆகவே கார்டு வில்லாக வளையும். மேலிருந்து எடுத்த படத்தில் வளைவு தெரியவே தெரியாது. சிலர் கண்ணாடித் துண்டை மேலே வைத்துத் தட்டையாக்கி எடுக்கிறார்கள். அது வளைவை மறைக்கிறது, பிரதிபலிப்பையும் கூட்டுகிறது. கார்டை மேசையில் வைத்து, போனை மேசை மட்டத்துக்கு இறக்கி, பக்கத்திலிருந்து அடிமட்டத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்தால் போதும். எத்தனை மில்லிமீற்றர் எழும்பியிருக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

பின்புறம் பற்றி மேலே சொன்னேன். போக்கிமோன் கார்டின் பின்புறம் கடும் நீலம். ஓரம் சிறிது தேய்ந்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளை வெளியே தெரியும். முன்புறத்து ஓரம் வெளிர் நிறமாதலால் அதே தேய்வு அங்கே ஒளிந்துகொள்ளும். ஆகவே பின்புறம் எடுக்காத படம் பாதிப் படம். புறக்கோட்டை நடைபாதையில் கட்டுக்கட்டாக விற்கும் போலிக் கார்டுகளும் பல தடவை பின்புறத்திலேயே பிடிபடும், நீலம் வேறு நீலமாக இருக்கும். பழைய கட்டுகளுக்குள் அவை கலந்திருப்பது சாதாரணம். நான் அவற்றை முதலிலேயே பிரித்து ஒதுக்கிவிடுகிறேன். எண்ணிக்கையைக் கூட்ட அவற்றை லொட்டுக்குள் விடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பெட்டியைத் திறக்கிறது பெரும்பாலும் ஒரு பிள்ளையாக இருக்கும்.

எண்ணிக்கை என்றதும் ஒரு கணக்கு. நான் விற்கும் இணைய ஏலத் தளமான ஈபேயில் ஒரு விற்பனைக்கு 24 படங்கள் வரை போடலாம். சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் அல்பத் தாளில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது கார்டு. அதே கணக்கில் ஒரு படத்துக்கு ஒன்பது, மூன்று வரிசை, மூன்று நிரல் என்று எடுத்தால் ஒவ்வொரு கார்டின் எழுத்தும் வாசிக்கத் தெரியும். தாளுக்குள் வைத்து எடுக்க வேண்டாம், பிளாஸ்டிக் மினுங்கும். நூறு கார்டுகளுக்கு முன்புறம் 12 படம், பின்புறம் 12 படம். கணக்கு அப்படியே பொருந்திவிடும். அதற்கு மேல் போனால் லொட்டை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். ஒரே கார்டு பல தடவை இருந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், தூரத் தூரத் தூவிவிட்டால் லொட் இல்லாத செழிப்போடு தெரியும்.

இனி மாமியின் கார்டுகள்.

டின்னில் இருந்தவை 45. எண்களைப் பார்த்து அடுக்கியபோது 43 வெவ்வேறு கார்டுகள், மற்ற இரண்டும் இரட்டிப்பு. அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. 1930களின் பிற்பாதியில் வந்த பல சிகரெட் கார்டுகளின் பின்புறத்தில் பசை தடவியிருந்தார்கள், நனைத்து அல்பத்தில் ஒட்டுவதற்காக. இங்கிலாந்தின் குளிருக்குச் செய்த பசை. கொழும்பில் யாரும் நனைக்கத் தேவையில்லை, காற்றே நனைத்துவிடுகிறது. மற்றவை தப்பியது டின் இறுக்கமாக மூடியிருந்ததால்தான் இருக்க வேண்டும். ஒட்டிய சோடியைப் பிரிக்க எனக்கு விரல் துறுதுறுத்தது. பிரிக்கவில்லை. மேலே இருப்பவரின் முகம் தெரிகிறது, கீழே இருப்பதன் பின்புற எழுத்துத் தெரிகிறது, விளிம்பிலிருந்து பார்த்தால் இரண்டு தாள் என்று தெரிகிறது. அந்த மூன்றையும் மூன்று படங்களாக எடுத்து, ஒட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டேன். பிரிப்பதா வேண்டாமா என்பது வாங்குகிறவர் முடிவு.

சிகரெட் கார்டு சின்னது. போக்கிமோன் கார்டு 63க்கு 88 மில்லிமீற்றர். இவை ஏறத்தாழ 36க்கு 67. சாம்பல் பிரிஸ்டல் போட்டில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு 50 கட்டங்கள் வரைந்தேன், பத்து நிரல், ஐந்து வரிசை. ஒவ்வொரு கார்டும் அதன் எண்ணுக்குரிய கட்டத்தில். ஏழு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

முதலில் அதைப் பார்க்க எனக்கு மனம் கஷ்டப்பட்டது. பல் விழுந்த வாய்போல இருந்தது. 43 கார்டையும் நெருக்கி அடுக்கினால் படம் நிறைந்து அழகாக இருக்கும், இல்லாதவற்றின் எண்களைக் கீழே எழுதிவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தேடுகிறவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். லீட்ஸில் ஒருவரிடம் இதே தொடரில் ஒரு இருபது கார்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் படத்தைப் பார்த்த அந்த நொடியில் தன் கையில் இருப்பது இந்த ஓட்டைகளை அடைக்குமா என்று கண்டுகொள்வார். வெற்றுக் கட்டமும் ஒரு செய்திதான். அப்படியே விட்டுவிட்டேன். ஈபேயில் படத்தின்மேல் எழுத்துச் சேர்க்கக் கூடாது, ஓரக் கோடு போடக் கூடாது என்று விதி இருக்கிறது. கட்டங்கள் எழுத்தில்லாமலே சொல்லிவிட்டன.

பிறகு பத்துப் பத்தாக ஐந்து படம். கமராவையும் பலகையையும் தொடாமல், ஒவ்வொரு கார்டையும் அதே கட்டத்துக்குள்ளேயே புரட்டிப் போட்டு, பின்புறமாக ஐந்து படம். இப்படிச் செய்தால் முன்புறப் படத்தின் மேல்வரிசை மூன்றாவது, பின்புறப் படத்திலும் மேல்வரிசை மூன்றாவதாகவே இருக்கும். புரட்டும்போது கையுறை போடுவதில்லை. பருத்தி நூல் மூலையில் சிக்கும், பிடியும் தெரியாது. சுத்தமான உலர்ந்த விரல்தான் பாதுகாப்பு. கார்டின் இரண்டு நீள விளிம்பையும் பெருவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து எடுப்பேன், மேற்பரப்பில் விரல் படாது.

கடைசியாகப் பழுதுகள், ஒவ்வொன்றுக்கும் கிட்டத்துப் படம். ஹமண்டின் கார்டில் கீழ் ஓரம் பழுப்பேறியிருந்தது. இரண்டு கார்டுகளில் ரப்பர் பாண்ட் அழுத்திய பள்ளம். பிரட்மன் வரிசையில் ஒரு கார்டின் வலது மேல் மூலையில் விசித்திரமான ஒரு தடம், அரை வட்டமாக நாலு சின்னப் பள்ளங்கள், ஒன்று மற்றதைவிட ஆழம். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்தது. பூச்சி அரித்ததா, ஏதாவது கிளிப் கடித்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. கவனமாக எடுத்து, அழுத்தத் தடம் என்று எழுதினேன்.

எடுத்த படங்களில் நான் செய்வது வெட்டுவது, நேராக்குவது, அவ்வளவுதான். நிறத்தைக் கூட்டுவதில்லை. போர்ட்ரெயிட் மோட் ஓரங்களை மங்கலாக்கும், அழகாக்கும் பில்டர்கள் கீறலைத் தோல் சுருக்கம் என்று நினைத்து அழிக்கும். இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். திரையில் கார்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு எல்லாப் படமும் ஒரே நிறத்தில் வரும். போனிலிருந்து கணினிக்கு வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியூமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். இன்னொன்று, கமராவில் லொகேஷனை நிறுத்திவிடுங்கள். படத்துக்குள்ளே உங்கள் வீடு இருக்கும் இடமும் பதிந்து போகத் தேவையில்லை.

அன்று பின்னேரம் மாமி வந்தார். ஏலத்தில் ஏற்றும் முன் அவருக்குக் காட்ட வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். விசிறியைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். முழுப் படத்தைப் பார்த்ததும் முதலில் வெற்றுக் கட்டங்களைத்தான் எண்ணினார். "ஏழு. ரெண்டு எங்கட பக்கத்து வீட்டுப் பெடியனுக்குப் போனது. அப்பா பம்பரத்துக்கு மாத்தினவர் எண்டு சொல்லுவார். மற்றது தெரியாது." பிரட்மனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஹமண்டின் பழுப்பைப் பார்த்து, வீட்டுக் கூரை ஒழுகின வருடம் என்றார்.

பிறகு அந்தக் கிட்டத்துப் படம் வந்தது. திரை நிறைய ஒரு மூலை, நாலு பள்ளம். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சரிந்தார்.

"உது என்ர பல்லு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"சின்னனிலை நான் கடிச்சது. பல்லு முளைச்ச நேரமாம். அப்பா ஓடி வந்து பறிச்சவர் எண்டு அம்மா எந்த நாளும் சொல்லுவா. எந்தக் காட் எண்டு எனக்குத் தெரியாமல் இருந்தது." திரையில் விரலை வைத்து ஒவ்வொரு பள்ளமாகத் தொட்டார். "அப்பா அதுக்குப் பிறகும் எறியேல்லை பார்."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. "தம்பி, உதை மட்டும் நான் எடுக்கட்டே?" என்று மெதுவாகக் கேட்டார். தன்னுடைய பொருளை என்னிடம் அனுமதி கேட்பதுபோல.

"மாமி, அது உங்கட சாமான். நீங்கள் கேக்கத் தேவையில்லை" என்றேன்.

கார்டை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கைப்பையில் கடவுச்சீட்டுக்குள் வைத்தார்.

மறுநாள் காலையும் முகில் மூட்டமாகவே இருந்தது. எட்டே முக்காலுக்கு விசிறியை நிறுத்தி, கையைக் கழுவி, சாம்பல் பிரிஸ்டல் போட்டை விரித்து, கண்ணாடியை நடுவில் வைத்துப் போனை நேராக்கினேன். 42 கார்டுகளையும் அவரவர் கட்டத்தில் வைத்தேன். வெற்றுக் கட்டம் இப்போது எட்டு. ரயில் ஒன்று போய் முடியும்வரை காத்திருந்து முழுப் படத்தைத் திரும்ப எடுத்தேன். இல்லாத எண்களின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டு, அன்று மத்தியானம் லொட்டை ஏலத்தில் ஏற்றினேன்.